அல்ஜீரியா: யார் வாழ்கிறார்கள், என்ன பேசுகிறார்கள், யாரோடு உறவு, யாரோடு பகை

அல்ஜீரியா அரபு நாடுதானே, அப்புறம் ஏன் அங்கே பிரெஞ்சு இவ்வளவு புழங்குகிறது, பெர்பர் மொழி எப்படி ஆட்சிமொழி ஆனது, ஒரே மதமும் ஏறக்குறைய ஒரே பேச்சும் உள்ள மொரோக்கோவோடு ஏன் எல்லையையே மூடி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று தனித்தனிக் கேள்விகள் போலத் தெரிந்தாலும் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். 1830 முதல் 1962 வரை 132 ஆண்டுகள் நீடித்த பிரெஞ்சு ஆட்சி, அதை முடிக்க நடந்த ஏழரை ஆண்டுப் போர். அந்தப் போரில் பிறந்த அரசு, தன் மக்களை ஒரே மொழிக்குள் கொண்டுவரப் பார்த்ததும், அண்டை நாட்டிடம் ஓர் அடி நிலம்கூட விட்டுக்கொடுக்க மறுத்ததும் ஒரே மனநிலையில்தான். அதனால் மக்களிலிருந்து தொடங்கி வரிசையாகச் சொல்கிறேன்.

பரப்பளவில் ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய நாடு அல்ஜீரியா. 2011-இல் சூடான் இரண்டாகப் பிரிந்ததும் அந்த இடம் இதற்கு வந்தது. மொத்தம் 23.8 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சஹாரா பாலைவனம். மக்கள்தொகை இப்போது சுமார் 4.7 கோடி. இவர்களில் பத்தில் ஒன்பது பேர் வடக்கே மத்தியதரைக் கடலை ஒட்டியுள்ள பட்டையிலும் அதன் பின்னால் உள்ள மேட்டு நிலத்திலும் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். அல்ஜியர்ஸ், ஓரான், கான்ஸ்டன்டைன், அன்னபா என்று நாம் கேள்விப்படும் நகரங்கள் எல்லாமே வடக்கில்தான். தெற்கே தமன்ராசெட்டுக்குத் தலைநகரிலிருந்து சாலையில் போனால் இரண்டாயிரம் கிலோமீட்டரை நெருங்கும்.

1962-இல் விடுதலை கிடைத்தபோது மக்கள்தொகை ஒரு கோடியைச் சற்றே தாண்டியிருந்தது. அறுபது ஆண்டுகளில் நான்கு மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. 1970-களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏழு குழந்தைகளுக்கு மேல். 2000-களின் தொடக்கத்தில் அது இரண்டரைக்கும் கீழே இறங்கி, பிறகு மூன்று வரை ஏறி, இப்போது மறுபடி இறங்கிவருகிறது. அங்கே வீட்டுத் தட்டுப்பாடு, வேலையில்லாத இளைஞர்கள், படகேறி ஸ்பெயினுக்குப் போகத் துடிப்பவர்கள் என்று வரும் செய்திகளை இந்த எண்களோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், ஒரே ஆண்டில் நடந்த பெரிய வெளியேற்றம். பிரெஞ்சு ஆட்சியில் குடியேறிய ஐரோப்பியர்கள் பத்து லட்சம் பேர் இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மட்டுமல்ல, ஸ்பெயின், இத்தாலி, மால்டாவிலிருந்து வந்தவர்களும் உண்டு. 1962-இல் சில மாதங்களுக்குள் அவர்களில் பெரும்பாலோர் கப்பலேறிவிட்டார்கள். அவர்களோடு சேர்ந்து, ரோமர் காலம் தொட்டு அங்கே வாழ்ந்த யூதர்களும் போனார்கள். 1870-இல் யூதர்களுக்கு மட்டும் பிரெஞ்சுக் குடியுரிமை கொடுத்து, பக்கத்து வீட்டு முஸ்லிம்களை வெறும் குடிகளாக வைத்திருந்தது பாரிஸ். பிரித்து வைத்ததன் பலன் தொண்ணூறு ஆண்டு கழித்து வந்தது. இன்று நாடு ஏறக்குறைய முழுக்க சுன்னி முஸ்லிம். கர்தாயா பள்ளத்தாக்கில் வாழும் மொசாபியர்கள் மட்டும் இபாதி என்ற தனிப் பிரிவு.

சரி, இவர்கள் அரபியரா, பெர்பர்களா? இரண்டு தனி இனங்கள் அக்கம்பக்கமாக வாழ்வதுபோல நினைத்தால் தவறான இடத்தில் போய் நிற்போம். 7-ஆம் நூற்றாண்டில் அரபுப் படைகள் வந்தன. 11-ஆம் நூற்றாண்டில் பனூ ஹிலால் போன்ற நாடோடிக் குடிகள் கூட்டமாக வந்தன. ஆனால் வந்தவர்களைவிட அங்கேயே இருந்தவர்கள் எப்போதும் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் காலப்போக்கில் அரபு பேசத் தொடங்கினார்கள். மலையிலும் பாலைவனத்திலும் இருந்தவர்கள் பழைய மொழியை வைத்துக்கொண்டார்கள். அதனால் பிரிவு ரத்தத்தில் இல்லை, மொழியில் இருக்கிறது. அந்த மொழி பேசுவோர் தங்களைப் பெர்பர் என்று சொல்லிக்கொள்வதைவிட அமாசிக் என்று சொல்லவே விரும்புகிறார்கள், மொழி தமாசிக்த். அல்ஜியர்ஸுக்குக் கிழக்கே மலைகளில் கபீல் மக்கள், ஓரெஸ் மலைகளில் ஷாவியர், கர்தாயாவில் மொசாபியர், தெற்கே துவாரெக் என்று இதற்குள்ளேயே பல கிளைகள் உண்டு. பெர்பர் மொழி பேசுவோர் எத்தனை சதவீதம் என்பதற்கு ஒவ்வொரு இடத்தில் ஒவ்வோர் எண் வருவதைப் பார்த்திருப்பீர்கள். இப்போதைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இனத்தைக் கேட்பதில்லை என்பதுதான் காரணம். நாலில் ஒருவர் என்பது பலரும் ஒப்புக்கொள்ளும் மதிப்பீடு.

மற்றவர்களின் தாய்மொழி அரபு என்றால், எந்த அரபு? இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. 2019 மார்ச்சில், ஐந்தாவது முறை தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அதிபர் பூத்தஃப்லிகா அறிவித்த இரவு, அல்ஜியர்ஸ் தெருவில் ஓர் அரபுத் தொலைக்காட்சி நிருபர் நேரலையில் பேசிக்கொண்டிருந்தார். ஓர் இளைஞர் குறுக்கே வந்து, ஆட்சியில் இருக்கும் எல்லோரும் போக வேண்டும் என்று உள்ளூர்ப் பேச்சில் சொன்னார். அரபில் சொல்லுங்கள் என்றார் நிருபர். எனக்கு அரபு தெரியாது, எங்கள் தாரிஜா இதுதான் என்று பதில் வந்தது. எல்லோரும் போக வேண்டும் என்று அவர் சொன்ன அந்த வாசகம் மறுநாளே போராட்டத்தின் முழக்கமாகிவிட்டது.

தாரிஜா என்பது வீட்டிலும் சந்தையிலும் பேசும் அரபு. பெர்பர் மொழியின் உச்சரிப்பும் ஸ்பானிய, துருக்கிய, பிரெஞ்சுச் சொற்களும் அதில் கலந்து கிடக்கின்றன. கெய்ரோவிலிருந்தோ ரியாதிலிருந்தோ வருபவர் அதைப் பின்தொடரத் திணறுவார். ஆனால் பள்ளியில் சொல்லிக்கொடுப்பதும் சட்டம் எழுதப்படுவதும் செய்தி வாசிப்பதும் செவ்வரபில். அது யாருக்கும் தாய்மொழி இல்லை. குழந்தை ஆறு வயதில் பள்ளிக்குள் நுழையும்போதே புது மொழி ஒன்றைக் கற்கத் தொடங்குகிறது.

விடுதலைக்குப் பின் வந்த அரசு ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் செவ்வரபைக் கொண்டுவந்தது என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். 1938-இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டு, அல்ஜீரியாவிலேயே அரபை அந்நிய மொழி என்று வகைப்படுத்தியது. சொந்த மண்ணில் சொந்த மொழி அந்நியம்! 1962-இல் மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது. 1963 அரசியலமைப்பு அரபை ஆட்சிமொழியாக்கியது. அதிபர் பூமதியான் ஆட்சிக்காலத்தில் பள்ளிகள் படிப்படியாக அரபுக்கு மாறின. உள்ளூரில் ஆசிரியர்கள் போதாமல் எகிப்திலிருந்தும் சிரியாவிலிருந்தும் வரவழைத்தார்கள். அந்தக் கோபமும் அவசரமும் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அவசரத்தில் பெர்பர் மொழியை நாட்டைப் பிளக்கும் பிரெஞ்சுச் சதி என்று பார்த்தார்களே, அதை ஏற்க முடியவில்லை. விடுதலைப் போரில் கபீல் மலைக்காரர்கள் முன்வரிசையில் நின்று செத்தவர்கள்.

அதன் விலையை இரண்டு தலைமுறை கொடுத்தது. 1980 மார்ச்சில் திஸி ஊஸு பல்கலைக்கழகத்தில் பழைய கபீல் கவிதை பற்றி எழுத்தாளர் மூலூத் மம்மெரி பேசவிருந்த கூட்டத்தை அரசு தடைசெய்தது. பழங்கவிதை பற்றிய ஓர் உரைக்குத் தடை! மாணவர்கள் கிளர்ந்தார்கள், ஏப்ரலில் அது பெரிய போராட்டமாகி, பெர்பர் வசந்தம் என்று பெயர் பெற்றது. 1994-95 கல்வியாண்டில் கபீல் பகுதிப் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் நிறுத்திவைத்தார்கள். 1998-இல் கபீல் பாடகர் லூனெஸ் மத்தூப் சுட்டுக்கொல்லப்பட்டார். 2001-இல் காவலில் இருந்த மாணவர் ஒருவர் துணைக்காவல் படையின் குண்டுபட்டு இறந்தார். அதையடுத்த கலவரங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மறு ஆண்டு, 2002-இல், தமாசிக்த் தேசிய மொழி ஆனது. 2016-இல் ஆட்சிமொழி. 2018 முதல் ஜனவரி 12, அமாசிக் புத்தாண்டு, அரசு விடுமுறை. கேட்டவுடன் கொடுக்கப்பட்டது எதுவுமில்லை.

ஏட்டில் ஆட்சிமொழி என்றாலும் நடைமுறை மெதுவாகத்தான் நகர்கிறது. எந்த எழுத்தில் எழுதுவது என்பதிலேயே இன்னும் தீர்வில்லை. கபீல் எழுத்தாளர்கள் நூறாண்டுக்கு மேலாக லத்தீன் எழுத்தில் எழுதுகிறார்கள், அரபு எழுத்து வேண்டுமென்பவர்கள் இருக்கிறார்கள், பெயர்ப்பலகைகளில் பழைய திஃபினாக் எழுத்து நிற்கிறது. வகுப்புகளும் பெரும்பாலும் கபீல் பகுதியிலேயே குவிந்திருக்கின்றன.

பிரெஞ்சுக்கு அங்கே எந்தச் சட்ட அந்தஸ்தும் இல்லை. பிரெஞ்சு பேசும் நாடுகளின் சர்வதேச அமைப்பில் அல்ஜீரியா உறுப்பினரே இல்லை. ஆனால் மருந்துச்சீட்டு பிரெஞ்சில், வங்கிப் படிவம் பிரெஞ்சில், எண்ணெய்த் தொழில் பிரெஞ்சில். பிரெஞ்சு மொழி எங்கள் போர்க்கொள்ளை என்றார் எழுத்தாளர் கதெப் யாசீன். எதிரியிடமிருந்து பிடுங்கியதை நாங்கள் வைத்துக்கொள்வோம் என்ற பொருளில். ஆனால் அந்தக் கொள்ளை எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டு இயற்பியலும் உயிரியலும் அரபில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தால், முதல் நாளே உடற்கூறியல் வகுப்பு முழுக்க பிரெஞ்சில் நடக்கும். அல்ஜியர்ஸில் பிரெஞ்சு பேசும் வீட்டில் வளர்ந்தவருக்கு அது சாதாரணம். மேட்டு நிலத்துச் சிற்றூரிலிருந்து வந்தவருக்கு அது சுவர். மொழிக் கொள்கை யாரை மேலே ஏற்றியது, யாரைத் தடுத்தது என்பதை இந்த ஒரு வகுப்பறை காட்டிவிடும்.

இப்போது ஆங்கிலம் வந்திருக்கிறது. 2022 முதல் தொடக்கப் பள்ளி மூன்றாம் வகுப்பிலேயே பிரெஞ்சோடு ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். 2025-இல் மருத்துவப் படிப்பின் முதலாண்டை ஆங்கிலத்துக்கு மாற்றவும் உத்தரவு போட்டார்கள். இளைஞர்கள் இதை வரவேற்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் பாடம் நடத்தும் பேராசிரியர்களே பிரெஞ்சில் படித்து வந்தவர்கள். அரபுமயத்தில் செய்த அதே அவசரத்தை ஆங்கிலத்திலும் செய்கிறார்கள் என்பது என் கவலை. பாரிஸோடு உறவு கெடும்போதெல்லாம் இந்த வேகம் கூடுவதையும் கவனியுங்கள். மொழிக் கொள்கை அங்கே பாதி வெளியுறவுக் கொள்கை.

அப்படியே வெளியுறவுக்கு வருவோம். விடுதலைப் போரை நடத்தியவர்கள் காட்டிலும் மலையிலும் மட்டும் போராடவில்லை. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய 1955 பாண்டுங் மாநாட்டுக்கே பார்வையாளர்களை அனுப்பியவர்கள். 1958-இல் வெளிநாட்டில் தற்காலிக அரசு அமைத்து ஒவ்வொரு நாடாக ஆதரவு திரட்டினார்கள். அந்த அனுபவத்திலிருந்து மூன்று விதிகள் வந்தன: காலனியத்தில் சிக்கியவர்களுக்குச் சுயநிர்ணயம், பிறர் விவகாரத்தில் தலையிடாமை, காலனியம் விட்டுப்போன எல்லைகளை மாற்றாமை. 1962-இல் மொரோக்கோவின் ஓஜ்தா அருகே அல்ஜீரியப் படையினரிடம் நெல்சன் மண்டேலா பயிற்சி எடுத்தார். 1973-இல் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு அல்ஜியர்ஸில் கூடியது. 1988-இல் பாலஸ்தீன நாடு பிரகடனம் செய்யப்பட்டதும் அங்கேதான். 1981-இல் ஈரானில் பிணைபிடிக்கப்பட்ட 52 அமெரிக்கர்கள் விடுதலையானது அல்ஜீரியா நடத்திய பேச்சுவார்த்தையில்.

பிரான்ஸோடு உள்ள உறவை வெறும் ராஜதந்திரமாகப் பார்க்க முடியாது. பிரான்ஸுக்கு அல்ஜீரியா வெறும் காலனி இல்லை. 1848 முதல் தன் நாட்டின் மாவட்டங்களாகவே வைத்திருந்தது. 1945 மே 8 அன்று, ஐரோப்பா போர் முடிந்ததைக் கொண்டாடிய அதே நாளில், ஸெதிஃப் ஊர்வலத்தில் அல்ஜீரியக் கொடி ஏந்தியவர்கள் மீது சுட்டார்கள். அடுத்த வாரங்களில் அந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். 1954 நவம்பர் 1-இல் தொடங்கிய போரில் 15 லட்சம் பேர் உயிர்த்தியாகம் செய்தார்கள் என்பது அல்ஜீரிய அரசின் கணக்கு. பிரெஞ்சு வரலாற்றாளர்கள் அதைவிடக் குறைத்துச் சொல்கிறார்கள். 1960 முதல் 1966 வரை சஹாராவில் பிரான்ஸ் 17 அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது. அதாவது விடுதலைக்குப் பிறகும். 19-ஆம் நூற்றாண்டில் எதிர்த்துப் போராடியவர்களின் மண்டையோடுகள் பாரிஸ் அருங்காட்சியகத்தில் கிடந்தன. அவற்றில் 24, 2020 ஜூலையில்தான் நாடு திரும்பி அல்ஜியர்ஸில் அடக்கம் செய்யப்பட்டன.

இவ்வளவு இருந்தும் பிரிய முடியாத உறவு. அல்ஜீரியாவில் பிறந்தவர்கள் சுமார் ஒன்பது லட்சம் பேர் பிரான்ஸில் வாழ்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் தனி. 1968-இல் போட்ட குடியேற்ற ஒப்பந்தத்தை ரத்து செய்வோம் என்று பிரெஞ்சு வலதுசாரிகள் ஒவ்வொரு தேர்தலிலும் குரலெழுப்புகிறார்கள். காலனிய ஆட்சிக்கு முன்பு அல்ஜீரிய தேசம் என்று ஒன்று இருந்ததா என்று 2021-இல் மக்ரோன் கேட்க, அல்ஜியர்ஸ் தூதரைத் திரும்ப அழைத்தது. 2024 நவம்பரில் எழுத்தாளர் பூஅலெம் சன்சால் அல்ஜியர்ஸ் விமான நிலையத்தில் கைதானார். ஓராண்டு கழித்து ஜெர்மானிய அதிபர் கேட்டுக்கொண்டதன்பேரில் மன்னிப்பு பெற்று வெளியே வந்தார். எழுதியதற்கும் பேசியதற்கும் ஒரு முதியவரைச் சிறையில் வைத்தது, விடுதலைக்காக அவ்வளவு கொடுத்த நாட்டுக்கு அழகில்லை என்றே நினைக்கிறேன்.

மற்ற உறவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏற்றுமதி வருமானத்தில் மிகப் பெரும்பகுதி எண்ணெயும் எரிவாயுவும். 1971-இல் பிரெஞ்சு நிறுவனங்களின் பங்கைத் தேசியமயமாக்கியதிலிருந்து அது சோனாத்ராக் என்ற அரசு நிறுவனத்தின் கையில். துனீசியா வழியாகச் சிசிலிக்கு ஒரு குழாய், கடலடியில் நேராக ஸ்பெயினின் அல்மேரியாவுக்கு ஒரு குழாய். 2022-இல் உக்ரைன் போர் வந்து ரஷ்ய வாயு குறைந்ததும் இத்தாலி அல்ஜீரியாவைத் தேடி ஓடியது. ஆயுதம் அதிகம் வருவது ரஷ்யாவிலிருந்து. சீனா 1958-லேயே தற்காலிக அரசை அங்கீகரித்த நாடு. 1963-இல் வெளிநாட்டுக்கு அது அனுப்பிய முதல் மருத்துவக் குழு போனதும் அல்ஜீரியாவுக்குத்தான். இன்று அல்ஜியர்ஸில் 265 மீட்டர் மினாரோடு நிற்கும் பெரிய பள்ளிவாசலைக் கட்டியதும் சீன நிறுவனம். பிரிக்ஸ் கூட்டமைப்பில் சேர 2023-இல் முயன்று இடம் கிடைக்காதது அல்ஜியர்ஸுக்குப் பெரிய ஏமாற்றம். தெற்கே மாலியோடும் இப்போது மனக்கசப்பு: 2015-இல் அல்ஜீரியா முடித்துவைத்த சமாதான ஒப்பந்தத்தை மாலி ராணுவ ஆட்சி 2024-இல் முறித்தது, 2025 ஏப்ரலில் எல்லைக்குள் வந்ததாகச் சொல்லி மாலியின் ட்ரோன் ஒன்றை அல்ஜீரியா சுட்டு வீழ்த்தியது.

இனி மொரோக்கோ. வருத்தத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் இவர்கள் ஒருகாலத்தில் ஒன்றாக நின்றவர்கள். விடுதலைப் போரின்போது அல்ஜீரியப் போராளிகளுக்கு மொரோக்கோவின் ஓஜ்தா நகரம்தான் பின்தளம். இருபது ஆண்டு அல்ஜீரிய அதிபராக இருந்த பூத்தஃப்லிகா பிறந்ததே ஓஜ்தாவில். பிரான்ஸ் கோடு போட்டபோது அல்ஜீரியா பக்கம் இழுத்துக்கொண்ட திந்தூஃப், பெஷார் வட்டாரங்களைப் பற்றி விடுதலைக்குப் பின் பேசித் தீர்ப்போம் என்று மொரோக்கோ நம்பியது. வந்த புதிய அரசு, ரத்தம் சிந்தி மீட்ட மண்ணில் ஒரு பிடிகூடத் தரமாட்டோம் என்றது. 1963 அக்டோபரில் போரே மூண்டது.

அந்தப் புண் ஆறுவதற்குள், மொரோக்கோவுக்குத் தெற்கே ஸ்பெயினின் காலனியாக இருந்த மேற்கு சஹாரா. 1975-76-இல் ஸ்பெயின் அங்கிருந்து வெளியேற, மொரோக்கோ உள்ளே நுழைந்தது. சுயநிர்ணயம் கேட்ட போலிசாரியோ இயக்கத்துக்கு அல்ஜீரியா இடமும் ஆயுதமும் கொடுத்தது. 1975 டிசம்பரில் அல்ஜீரியாவில் குடியிருந்த பல்லாயிரம் மொரோக்கோ மக்களை அல்ஜியர்ஸ் எல்லைக்கு வெளியே துரத்தியது. அந்தக் குடும்பங்களின் கண்ணீருக்கு எந்தக் கொள்கையும் பதில் சொல்லாது. திந்தூஃப் அருகே பாலையில், மேற்கு சஹாராவிலிருந்து வந்த சஹ்ராவி அகதிகள் ஐம்பது ஆண்டாக முகாம்களில் கிடக்கிறார்கள். ஐநா மதிப்பீட்டில் 1.7 லட்சம் பேருக்கு மேல். முகாம்களுக்கு அவர்கள் விட்டுவந்த ஊர்களின் பெயரையே வைத்திருக்கிறார்கள்: அல் அயூன், ஸ்மாரா, தக்லா. 1991-இல் போர்நிறுத்தம் வந்தபோது வாக்கெடுப்பு நடத்துவதாக ஐநா வாக்குக் கொடுத்தது. இன்றுவரை நடக்கவில்லை.

1994 ஆகஸ்டில் மராகேஷ் ஹோட்டல் ஒன்றில் ஸ்பானியச் சுற்றுலாப் பயணிகள் இருவர் கொல்லப்பட, மொரோக்கோ அல்ஜீரிய உளவுத்துறையைக் கைகாட்டி, அல்ஜீரியர்களுக்கு விசா கட்டாயம் என்றது. அல்ஜீரியா தரை எல்லையை மூடியது. அன்று மூடியது இன்னும் திறக்கவில்லை. கடற்கரைக்கு அருகே பின் லஜ்ராஃப் என்ற இடத்தில் ஒரு சிறு ஓடைதான் எல்லை. இரு கரையிலும் சாலை. வார இறுதியில் குடும்பங்கள் காரை நிறுத்திவிட்டு இறங்கி எதிர்க்கரையில் நிற்கும் அண்ணன், சித்தி, மாமன் பிள்ளைகளைக் கூப்பிட்டு நலம் விசாரிப்பார்கள். அக்கரையிலிருந்து இக்கரை வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் விமானமேறிச் சுற்றித்தான் வர வேண்டியிருந்தது. 2021 ஆகஸ்டில் அல்ஜீரியா தூதரக உறவையே முறித்து, செப்டம்பரில் மொரோக்கோ விமானங்களுக்கு வான்வெளியையும் மூடியது. அக்டோபர் முடிவில் மொரோக்கோ வழியாக ஸ்பெயினுக்குப் போன எரிவாயுக் குழாயும் நின்றது. நேரடி விமானமும் போய், இப்போது துனிஸோ பாரிஸோ சுற்றித்தான் பயணம். 2024-இல் மொரோக்கோ கடவுச்சீட்டுக்கு விசாவும் கட்டாயமாயிற்று.

2021 முறிவுக்கு முக்கியப் பின்னணி, 2020 டிசம்பரில் டிரம்ப் மேற்கு சஹாராவை மொரோக்கோவுடையது என்று அங்கீகரித்து, பதிலுக்கு மொரோக்கோ இஸ்ரேலோடு உறவைத் தொடங்கியது. மேற்கு சஹாராவைத் தன் இறையாண்மைக்குள்ளேயே தன்னாட்சிப் பகுதியாக வைத்துக்கொள்ளும் மொரோக்கோவின் தன்னாட்சித் திட்டத்தை 2022-இல் ஸ்பெயின் ஆதரிக்க, அதனுடனான நட்பு ஒப்பந்தத்தை அல்ஜீரியா நிறுத்திவைத்தது. 2024-இல் பிரான்ஸும் அந்தப் பக்கம் சாய்ந்தது; அல்ஜியர்ஸ் உடனே தூதரைத் திரும்ப அழைத்தது. 2025 அக்டோபர் 31-இல் ஐநா பாதுகாப்பு அவையே தன்னாட்சித் திட்டத்தை அடிப்படையாகக் கொண்டு பேசச் சொல்லித் தீர்மானம் போட்டது. அப்போது உறுப்பினராக இருந்த அல்ஜீரியா வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவில்லை.

இதில் யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் கேட்டால், சஹ்ராவி மக்களிடம் கேட்காமல் அவர்கள் மண்ணின் முடிவை எடுக்கக் கூடாது என்ற அல்ஜீரியாவின் வாதத்தைச் சரி என்றே சொல்வேன். ஆனால் அந்த வாதத்துக்கும், எல்லையோரக் குடும்பங்கள் முப்பது ஆண்டுக்கு மேலாகப் பிரிந்து கிடப்பதற்கும் சம்பந்தமில்லை. சஹாராவைப் பற்றி ஐநாவில் பேசிக்கொண்டே ஓஜ்தா சாலையைத் திறந்துவிடலாம். 1989-இல் இந்த இரு நாடுகளும் துனீசியா, லிபியா, மோரிட்டானியாவோடு சேர்ந்து மக்ரெப் ஒன்றியம் அமைத்தன. அதன் தலைவர்கள் ஒன்றாகக் கூடி 1994-க்குப் பிறகு ஒரு கூட்டமும் நடக்கவில்லை. அல்ஜீரியச் செய்திகளைத் தொடர்ந்து கவனிக்கப் போகிறீர்கள் என்றால், அடுத்து மேற்கு சஹாரா பேச்சுவார்த்தைக்கு அல்ஜீரியா எந்தத் தகுதியில் உட்காருகிறது என்பதைப் பாருங்கள். தான் வெறும் அண்டை நாடு, தரப்பு அல்ல என்பது அதன் ஐம்பது ஆண்டு நிலைப்பாடு. அது மாறினால்தான் மற்றதெல்லாம் நகரும்.